பாதியைத் தள்ளினார், மீதியைக் கொடுத்தார்

நண்பர்களுக்கிடையிலான கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் எழுத்தில்லாமலேயே தொடங்குகிறது. "நமக்குள்ளே எதற்குக் கணக்கு?" என்பார்கள். சில வருடங்களில் அதே இருவர் ஸலாம் சொல்லாமல் ஒதுங்கிப் போவதையும் காண்கிறோம்.

எழுத்து இல்லாமல் போவதன் கஷ்டத்தை யாழ்ப்பாண முஸ்லிம் வர்த்தகர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ் நகர முஸ்லிம்களை இரண்டே மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள். கடையும் சரக்கும் அங்கேயே நின்றுவிட்டன. கணக்குக் கொப்பியை இழந்து புத்தளம் வந்து சேர்ந்தவருக்குப் பழைய கடனுக்கு மனச்சாட்சியைத் தவிர வேறு சாட்சி ஏது?

கடன் தகராறு நபி (ஸல்) அவர்களின் பள்ளிவாசலிலேயே நடந்திருக்கிறது. கஅப் பின் மாலிக் (ரழி) அவர்கள் இப்னு அபீ ஹத்ரத் (ரழி) அவர்களிடம் தமக்கு வரவேண்டிய கடனைக் கேட்டார்கள். இருவரின் குரலும் உயர்ந்தது. வீட்டினுள் இருந்த நபியவர்கள் திரையை விலக்கி, பாதியைத் தள்ளிவிடுமாறு கஅபுக்குச் சைகை காட்டினார்கள். அவர் உடனே சம்மதித்தார். அடுத்து கடனாளியிடம், எழுந்து மீதியைச் செலுத்துமாறு கூறினார்கள். இது ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது.

நம் ஊர்களில் சமரசம் பேசுபவர்கள் இதில் முதல் பாதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறார்கள். கடன் கொடுத்தவரிடம் "விட்டுக்கொடுங்கள்" என்கிறார்கள். வாங்கியவரிடம் திகதி கேட்பதில்லை. ஆறு மாதத்தில் பிணக்கு மீண்டும் முளைக்கிறது.

அல்குர்ஆன் காட்டும் ஒழுங்கு தெளிவானது. தவணைக் கடனை எழுதிச் சாட்சி வைக்க வேண்டும் (2:282). கடனாளி உண்மையிலேயே கஷ்டத்தில் இருந்தால் அவகாசம் கொடுக்க வேண்டும். தள்ளுபடி செய்வது அதைவிடச் சிறந்தது (2:280). வசதியிருந்தும் இழுத்தடிப்பது அநியாயம் என்பது நபிமொழி.

ஆகவே பிணக்கு வந்தால் இருவரும் மதிக்கும் ஒருவரை நடுவில் வையுங்கள். தொகை, தள்ளுபடி, செலுத்தும் திகதி மூன்றையும் அதே அமர்வில் எழுதிக் கையொப்பமிடுங்கள். அங்கும் முடியாவிட்டால் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் மத்தியஸ்த சபை இருக்கிறது. நீதிமன்றப் படி ஏறுவது கடைசி வழியாக இருக்கட்டும்.

ஊர் திரும்பி, நண்பருடன் கூட்டாகக் கடை திறக்க நினைப்பவர்கள் முதல் நாளே ஒரு கொப்பி வாங்குங்கள். எழுதச் சொல்வது சந்தேகம் அல்ல, அல்லாஹ்வின் கட்டளை. நட்புக்கும் அதுவே பாதுகாப்பு.