ஏணியின் கீழ்ப்படி

மேன்மாடத்தை அண்ணாந்து நோக்குவோர் பலர்; ஏணியின் கீழ்ப்படியை உற்றுநோக்குவோர் மிகச் சிலரே. விளையாட்டுத் துறையில் அக்கீழ்ப்படியின் பயன் யாதென்பதைப் பேஸ்பால் ஆட்டத்தைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

பேஸ்பால் என்பது, ஒருவர் எறியும் பந்தை மற்றொருவர் கட்டையால் அடித்து ஓடும் ஆட்டமாகும். அமெரிக்காவில் இதனைத் தொழிலாகக் கொண்ட தலைமைக் கழகங்கள் 30 உள. ஒவ்வொன்றின் கீழும் இளைஞர் பயிலும் சிறு குழுக்கள் படிப்படியாய் அமைந்துள்ளன. இவ்வமைப்பை ‘மைனர் லீக்’ என்பர். புதியவர் இங்கே சிற்றூதியம் பெற்று, இடைவிடாது ஆடி, தவறித் தவறித் திருந்துகின்றனர். தேறினவர் மேற்படிக்கு உயர்த்தப்படுவர், தேறாதவர் விலக்கப்படுவர்.

ஜப்பானியரான மஸனோரி முராகாமி, 1964-ஆம் ஆண்டில், தம் இருபதாம் வயதில், கலிபோர்னியாவிலுள்ள பிரெஸ்னோ நகரத்துச் சிறு குழுவில் ஆடினார். அவ்வாண்டு செப்டம்பர் மாதத்திலேயே சான் பிரான்சிஸ்கோ ஜயண்ட்ஸ் கழகத்திற்காகப் பந்தெறிந்து, தலைமைப் பந்தயத்தில் ஆடிய முதல் ஜப்பானியர் என்னும் புகழெய்தினார்.

நம் நாட்டினரும் இவ்வேணியில் ஏறியதுண்டு. உத்தரப் பிரதேசத்து ஈட்டியெறி வீரரான ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் இருவர், 2008-இல் இந்தியாவில் நடந்த பந்தெறி போட்டியொன்றில் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகத்தோடு ஒப்பந்தம் செய்தனர். 2009-இல் கீழ்ப்படியில் ஆடத் தொடங்கினர். படேல் 2010-இல் விலக்கப்பட்டார். சிங் 2012 வரை ஆடிச் சில படிகள் ஏறினார். பின்னர்க் காயங்கள் தடுத்தன. இருவரும் தலைமைப் பந்தயத்தை எட்டினாரல்லர்.

தோள்வலியிலோ முயற்சியிலோ இவர்கள் குறைந்தவரல்லர். பின், வேற்றுமை யாது? ஜப்பானில் பள்ளி மாணவர்க்கான நாடளாவிய பேஸ்பால் பந்தயம் 1915-லேயே தொடங்கப்பட்டது. முராகாமி கீழ்ப்படிகளைத் தம் நாட்டிலேயே கடந்து, நடுப்படியில் கால்வைத்தார். நம்மவரோ 2008-க்கு முன் அவ்வாட்டத்தை ஆடியறியாதவர்.

கிரிக்கெட்டிலோ நமக்கென ஓர் ஏணி உண்டு. சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தால் ஆடிப் பழகிய நடராஜன், சென்னை லீக் பந்தயங்களின் கீழ்ப்பிரிவில் தொடங்கி, 2015-இல் ரஞ்சிக் கோப்பையில் தமிழ்நாட்டுக்காக ஆடினார். அவர்தம் பந்துவீசும் முறையில் ஐயம் எழுந்தபோது, மனந்தளராது அதனைத் திருத்திக்கொண்டு மீண்டும் ஏறினார். 2021 ஜனவரியில் பிரிஸ்பேன் நகரில் இந்தியாவின் டெஸ்ட் அணியில் இடம்பெற்றார்.

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில், கோடையில் நீர் வற்றிய ஏரியே சிறுவர்க்கு ஆடுகளம். ஆங்கும் தோள்வலிக்குக் குறைவில்லை. ஏறத்தொடங்கும் படியோ நெடுந்தொலைவில் நிற்கின்றது. ஒருமுறை தவறிய சிறுவனை, மறுமுறை திருத்துவாரின்றி, ஏர்க்காலுக்கோ தொழிற்சாலைக்கோ அனுப்பிவிடுகின்றோம். வட்டந்தோறும் ஒரு சமநிலம், ஒரு பயிற்றாசிரியர், பள்ளிகளுக்கிடையே ஆண்டுதோறும் ஒரு பந்தயம் ஆகிய இம்மூன்றும் வாய்ப்பின், கீழ்ப்படி நம் மண்ணிலேயே ஊன்றப்பெறும். விடுமுறையில் ஊர்திரும்பும் மாணவ நண்பர்கள் இதனைச் சிந்திப்பாராக.