சம்பவ இடத்தில் இருந்தவரெல்லாம் குற்றவாளியா?

ஸிலுகோபிளான் என்ற ஊசி மருந்தை இரண்டு நோய்களில் சோதித்துப் பார்த்தார்கள். இரண்டின் முடிவுகளும் 2023-ல் வெளியாயின. மயஸ்தீனியா கிராவிஸில் மருந்து வென்றது. தசைநார்களே செத்துப்போகும் நெக்ரோடைசிங் மயோபதியில் தோற்றது. இரண்டும் உடல் தன்னையே தாக்கிக்கொள்ளும் நோய்கள்தான். இரண்டிலும் ஒரே புரதக் கூட்டத்தின் கைரேகை இருந்தது. பிறகு ஏன் இப்படி?

நம் ரத்தத்தில் 30-க்கும் மேற்பட்ட புரதங்கள் ஒரு படையாகச் சுற்றி வருகின்றன. மருத்துவர்கள் இவற்றைக் காம்ப்ளிமென்ட் என்கிறார்கள். கிருமியின் மேல் எதிர்ப்பொருள் ஒட்டிக்கொண்டால் போதும், இவை ஒன்றையொன்று எழுப்பிவிடும். முடிவில் சி5 என்ற புரதம் உடையும்; அதன் ஒரு துண்டு வேறு சிலவற்றோடு கைகோத்துக் கிருமியின் சவ்வில் ஓட்டை போடும். எதிர்ப்பொருள் ஆள் மாறி நம் செல்லிலேயே ஒட்டினால், ஓட்டை விழுவதும் நம் செல்லில்தான்.

மயஸ்தீனியாவில் நடப்பது இதுவே. காலையில் தெம்பாக இருப்பவருக்குச் சாயங்காலம் இமை தொங்கும். பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரியும். பாதிச் சாப்பாட்டிலேயே தாடை சோர்ந்துவிடும். முற்றினால் மூச்சுவிடும் தசைகளும் கைவிடும். கறாராகச் சொன்னால் இது தசையின் நோய் அல்ல, நரம்பும் தசையும் சந்திக்கும் முனையின் நோய். நரம்பு அனுப்பும் அசிட்டைல்கோலினைத் தசைப்பக்கம் வாங்கிக்கொள்ளும் ஏற்பிகளை எதிர்ப்பொருள் பிடித்துக்கொள்கிறது. உடல் முழுக்க நோய் பரவியவர்களில் சுமார் 85 சதவீதம் பேரிடம் இந்த எதிர்ப்பொருள் உண்டு.

இதைக் காட்டிக்கொடுத்தவை முயல்கள். அமெரிக்காவின் சால்க் நிறுவனத்தில் ஜிம் பேட்ரிக்கும் ஜான் லிண்ட்ஸ்ட்ராமும் மின்விலாங்கிலிருந்து எடுத்த ஏற்பியை முயல்களுக்குச் செலுத்தினார்கள். அவர்களுக்கு வேண்டியிருந்தது ஆய்வுக்கான எதிர்ப்பொருள் மட்டுமே. முயல்களோ தலை தூக்க முடியாமல் துவண்டு விழுந்தன. 1973-ல் அது கட்டுரையாக வந்தது. 1977-ல் மேயோ கிளினிக்கின் ஆண்ட்ரூ எங்கெல் குழு, நோயாளிகளின் நரம்புத்தசை முனையில் எதிர்ப்பொருளோடு காம்ப்ளிமென்ட்டும் படிந்திருப்பதைக் காட்டியது.

அந்தத் தடயம் மருந்தாக 40 ஆண்டுகள் ஆயின. சி5 உடையாமல் தடுக்கும் எக்குலிசுமாப், 2007-ல் ஓர் அரிய ரத்த நோய்க்காகச் சந்தைக்கு வந்தது. 2010-ல் ஃபோர்ப்ஸ் இதழ் அதை உலகின் மிக விலையுயர்ந்த மருந்தாகப் பட்டியலிட்டது; அமெரிக்காவில் ஆண்டுக்கு 4 லட்சம் டாலருக்கு மேல். மயஸ்தீனியாவில் 125 பேரிடம் நடந்த சோதனையில் அது முதன்மை இலக்கைப் புள்ளியியல் கணக்கில் நூலிழையில் தவறவிட்டது. மற்ற அளவீடுகள் சாதகமாக இருந்ததால் 2017-ல் அமெரிக்க அனுமதி கிடைத்தது. என் பார்வையில் அந்த முடிவு சரியே. அடுத்து வந்த ரவுலிசுமாப்பை 8 வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினால் போதும். அதே சி5-ஐத் தடுக்கும் ஸிலுகோபிளான், நோயாளி தானே தினமும் போட்டுக்கொள்ளும் ஊசி. 174 பேரிடம் நடந்த சோதனையில் முதல் வாரத்திலேயே பலன் தெரியத் தொடங்கியது.

இந்தத் தெம்போடுதான் தசை நோய்களின் பக்கம் திரும்பினார்கள். நெக்ரோடைசிங் மயோபதியில் ஒரு வகை, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரை சாப்பிடுபவர்களில் மிகச் சிலருக்கு வருகிறது. மாத்திரையை நிறுத்தினாலும் நோய் நிற்பதில்லை. நோயாளியின் தசையை வெட்டிப் பார்த்தால் நார்களின் மேல் காம்ப்ளிமென்ட் படிந்திருக்கிறது. காம்ப்ளிமென்ட் குறைபாடுள்ள எலிகளில் நோயின் வீரியம் குறைந்தது. வழக்கு முடிந்தது என்றே தோன்றியிருக்கும். ஆனால் ஸிலுகோபிளானை வைத்து 27 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையில், தசைச் சிதைவைக் காட்டும் சி.கே. அளவு நிஜ ஊசி பெற்றவர்களிடமும் போலி ஊசி பெற்றவர்களிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. காம்ப்ளிமென்ட்டை மருந்து சரியாகவே முடக்கியிருந்தது, நோய்தான் அசையவில்லை.

தோலையும் தசையையும் சேர்த்துத் தாக்கும் டெர்மட்டோமயோசைட்டிஸிலும் இதே கதை. தசையின் நுண்ரத்தக் குழாய்களில் காம்ப்ளிமென்ட் படிவதை 1986-லேயே கண்டார்கள். ரவுலிசுமாப் சோதனை பலனில்லாமல் பாதியில் கைவிடப்பட்டது.

திருட்டு நடந்த வீட்டில் நின்றவனெல்லாம் திருடன் அல்ல. மயஸ்தீனியாவின் ஏற்பி செல்லின் வெளிப்புறத்தில் இருக்கிறது; எதிர்ப்பொருள் வந்து ஒட்ட, காம்ப்ளிமென்ட் ஓட்டை போட வசதியான இடம். ஸ்டாடின் தொடர்புள்ள மயோபதியில் எதிர்ப்பொருளின் குறி, செல்லுக்குள் கொலஸ்ட்ரால் தயாரிக்கும் ஒரு நொதி. எதிர்ப்பொருளே தசைச் செல்லுக்குள் புகுந்து வேலையைக் கெடுக்கிறது என்று அண்மைய ஆய்வுகள் சொல்கின்றன. அப்படியானால் வெளியே படிந்திருந்த காம்ப்ளிமென்ட், செத்த செல்லைச் சுத்தம்செய்ய வந்ததாகக்கூட இருக்கலாம். நெக்ரோடைசிங் மயோபதியிலும் டெர்மட்டோமயோசைட்டிஸிலும் இன்று பலருக்குக் கைகொடுப்பது, தானமாகப் பெற்ற ரத்தப் பிளாஸ்மாவிலிருந்து எடுக்கும் இம்யூனோகுளோபுலின்.

மயஸ்தீனியா நோயாளிகளும் அவர்கள் வீட்டாரும் இரண்டைக் கவனிக்க வேண்டும். சி5 முடங்கினால் மெனிஞ்சோகாக்கஸ் என்ற மூளைக்காய்ச்சல் கிருமி எளிதில் உயிரைப் பறிக்கும். அதனால் மருந்து தொடங்குவதற்கு 2 வாரம் முன்பே அதற்கான தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். போட்ட பிறகும் காய்ச்சல் வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இரண்டாவது, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எந்த எதிர்ப்பொருள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சிலருக்கு ஏற்பிக்குப் பதில் மஸ்க் என்ற புரதத்துக்கு எதிராக அது உருவாகும். அந்த வகை எதிர்ப்பொருள் பெரும்பாலும் காம்ப்ளிமென்ட்டை எழுப்புவதில்லை. சீட்டில் மஸ்க் என்றிருந்தால், இந்த விலையுயர்ந்த ஊசிகள் உங்களுக்கானவை அல்ல.