உங்களுக்குத் தெரியுமா? இறாலுக்குக் காவல் நிற்கும் உளுவை

அடையாற்று முகத்துவாரத்திலும் முட்டுக்காட்டு உப்பங்கழியிலும் திரியும் உளுவை மீனுக்குப் பவளத்திட்டுகளில் விரல் நீள உறவினங்கள் உண்டு. வீட்டு உப்புநீர்த் தொட்டிக்கு ஏற்றவை அவைதான். சில இனங்கள், கண்பார்வை மங்கிய சொடுக்கு இறாலோடு ஒரே வளையில் குடித்தனம் நடத்தும். இறால் மணலைத் தோண்டும். மீன் வாசலில் காவல் நிற்கும். வெளியே வரும் இறாலின் உணர்கொம்பு மீனைத் தொட்டபடியே இருக்கும். ஆபத்தென்றால் மீன் வாலைச் சிலுப்பும், இறால் உள்ளே ஓடிவிடும்.

தாம்பரம், சேலையூர்ப் பக்கத்து போர்வெல் தண்ணீர் இந்த மீன்களுக்கான தொட்டிக்கு உதவாது. சமையல் உப்பும் அப்படியே. ஆர்.ஓ. தண்ணீரில் மீன்தொட்டிக்கான கடலுப்புக் கலவையைக் கரைத்து, ஒப்படர்த்தியை 1.025 அளவில் வைக்க வேண்டும். நீர் ஆவியானாலும் உப்பு தங்கிவிடும். எனவே குறைவதை உப்பில்லாத நீரால் நிரப்ப வேண்டும். கத்திரி வெயிலில் வெப்பத்தை 27 டிகிரிக்குள் அடக்குவதுதான் பெரும்பாடு. உளுவை துள்ளி வெளியே விழும், வலைமூடி கட்டாயம்.