பனிமலை ஏறிய குட்டிக் கார்

பனி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மனத்திலே தோன்றுவது மார்கழி விடியற்காலையில் புல்நுனியில் மின்னும் நீர்த்துளியே. கதிரவன் எழுந்ததும் அது மறைந்துவிடும். வட ஐரோப்பாவிலும் கனடாவிலும் வாழ்வோர்க்கோ பனி என்பது முற்றிலும் வேறு பொருள். அங்கே அது பஞ்சுபோல் வானிலிருந்து இறங்கி, குவிந்து, வண்டிகளின் சில்லுகளால் மிதிபட்டு இறுகி, வாரக்கணக்காகத் தெருவை மூடிக் கிடக்கும். அத்தகைய தெருவிலே கார் ஓட்டுவது ஒரு தனிக் கலை. அக்கலையின் வரலாற்றில் பெரும்பெயர் ஈட்டியவை ஆற்றல் மிக்க பெரிய கார்கள் அல்ல; முன்சில்லுகளால் இழுக்கப்படும் சின்னஞ்சிறு கார்களே. அதன் காரணத்தை அறிவது பௌதிகம் பயிலும் மாணவர்க்கு மட்டுமன்றி, குளிர் நாடுகளிலே பிள்ளைகள் வாழும் பெற்றோர்க்கும் பயன் தருவதாகும்.

இழுப்பதும் தள்ளுவதும்

இலங்கைத் தெருக்களில் நெடுங்காலம் ஓடிய மொறிஸ் மைனர் காரை அறியாதவர் நம்மிடையே மிகச் சிலரே. 1948ஆம் ஆண்டில் வெளிவந்த அக்காரை வடிவமைத்தவர் அலெக் இஸிகோனிஸ் என்னும் பொறியியலாளர். அதன் இயந்திரம் முன்னே இருக்கும். இயந்திரத்தின் ஆற்றல் நீண்ட தண்டொன்றின் வழியாகப் பின்சில்லுகளைச் சென்றடையும். ஆகவே பின்சில்லுகள் காரைத் தள்ள, முன்சில்லுகள் திசை காட்டும்.

1956ஆம் ஆண்டின் சூயஸ் நெருக்கடியால் பிரித்தானியாவில் பெற்றோலுக்குப் பங்கீடு வந்தது. குறைந்த எண்ணெயில் ஓடக்கூடிய, ஆனால் நால்வர் வசதியாக அமரக்கூடிய சிறிய கார் ஒன்று வேண்டுமென இஸிகோனிஸிடம் பணி ஒப்படைக்கப்பட்டது. 1959 ஓகஸ்ட் மாதத்தில் வெளிவந்த மினி என்னும் காரே அதன் விளைவு. அதன் நீளம் ஏறத்தாழ 10 அடி; சில்லின் அளவோ 10 அங்குலம். இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இயந்திரத்தைக் குறுக்கே திருப்பி வைத்தார். கியர்ப்பெட்டியை அதன் அடியிலேயே அடக்கினார். முன்சில்லுகளே காரை இழுக்குமாறு செய்தார்.

இடத்தை மிச்சப்படுத்தச் செய்த இவ்வேற்பாடு பனியிலே எதிர்பாராத நன்மையைத் தந்தது. சில்லு தெருவைப் பற்றிக்கொள்ளும் வலு, அதன்மேல் அழுத்தும் பாரத்தைப் பொறுத்தது என்பது பௌதிகத்தின் பாலபாடம். மினியின் பாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கு முன்சில்லுகளின்மேல் இருந்தது. இழுக்கவேண்டிய சில்லுகளே பாரத்தையும் தாங்கியமையால் அவை வழுக்கிச் சுழலாமல் பனியைப் பற்றிக்கொண்டன. அன்றியும், பின்னின்று தள்ளப்படும் வண்டி வழுக்கும் நிலத்தில் பக்கவாட்டில் ஓடப் பார்க்கும். மாடு முன்னின்று இழுக்கும் வண்டியோ மாடு திரும்பும் திசையிலேயே தொடரும்.

ஏழு ஆண்டு வெற்றி

இவ்வுண்மையை உலகறியச் செய்த களம் மொன்ரி கார்லோ றலிப் பந்தயமாகும். 1911ஆம் ஆண்டில் தொடங்கிய இப்பந்தயம் சனவரி மாதக் கடுங்குளிரிலே நடைபெறுவது. அந்நாளில் போட்டியாளர் ஐரோப்பாவின் பல நகரங்களிலிருந்தும் புறப்பட்டு, இரவு பகலாக ஓடி, மொனாக்கோவுக்கு மேலேயுள்ள அல்ப்ஸ் மலைப்பாதைகளைக் கடக்கவேண்டும். அவற்றுள் புகழ்பெற்ற துரினிக் கணவாய் கடல்மட்டத்திலிருந்து 1,607 மீற்றர் உயரத்தில் உள்ளது. ஒரு வளைவிலே வெறும் தெரு, அடுத்த வளைவிலே பனிக்கட்டி, அதற்கப்பால் பாதாளம்.

1962, 1963ஆம் ஆண்டுகளில் இப்பந்தயத்தை வென்றவர் சுவீடன் நாட்டு எரிக் கார்ல்சன். விமானம் செய்யும் நிறுவனமாகத் தொடங்கிய சாப் நிறுவனத்தாரின் 96 என்னும் கார் அவருடையது. அதன் இயந்திரக் கொள்ளளவு 841 கன சென்ரிமீற்றர் மட்டுமே. 1964இல் பாடி ஹொப்கேர்க் மினி கூப்பர் காரில் மின்ஸ்க் நகரிலிருந்து புறப்பட்டு வந்து வென்றார். அவருக்கு அடுத்ததாக வந்ததோ நான்கு மடங்குக்கும் மேற்பட்ட கொள்ளளவு கொண்ட ஃபோர்ட் ஃபால்கன். கார்களின் ஆற்றலுக்கேற்பச் சலுகை வழங்கும் கணக்குமுறை அன்று மினிக்குத் துணைநின்றதும் உண்மையே.

அடுத்த ஆண்டின் வெற்றி அதனிலும் பெரிது. 1965இல் பெரும் பனிப்புயல் வீசியது. புறப்பட்ட இருநூறுக்கும் மேற்பட்ட கார்களுள் மிகப் பல வழியிலேயே சிக்கி நின்றன; மொன்ரி கார்லோவை அடைந்தவை நாற்பதுக்கும் குறைவே. அவற்றுள் முதலிடம் பெற்றது பின்லாந்து நாட்டுத் திமோ மக்கினன் ஓட்டிய மினி கூப்பர். 1966இல் மினிக் கார்களே முதல் மூன்று இடங்களையும் பிடித்தன. ஆயினும், முன்விளக்குகள் விதிக்கு ஒவ்வாதவை எனக் கூறி அவற்றை விலக்கிவிட்டனர். பரிசு பெற்றதோ சித்ரோயன். அதுவும் முன்சில்லுகள் இழுக்கும் காரே! 1967இல் ரௌனோ ஆல்ரொனன் மீண்டும் மினிக்கு வெற்றி தேடித் தந்தார். 1961இல் வென்ற பனார் காரையும் சேர்த்தால், தொடர்ந்து ஏழு ஆண்டுகள் இவ்வகைக் கார்களே வாகை சூடின. மூர்த்தி சிறிதெனினும் கீர்த்தி பெரிது என்பது இதுவன்றோ!

1968இல் இவ்வரிசையை முறித்த போர்ஷே 911 பின்சில்லுகளால் ஓடுவது. ஆனால் அதன் இயந்திரமும் பின்னேயே, ஓட்டும் சில்லுகளை அழுத்தியே இருந்தது. எனவே பாரமும் இழுவையும் ஒரே இடத்தில் சேர்ந்திருத்தலே வெற்றியின் சூத்திரம் என்பது மேலும் உறுதியாயிற்று. 1980களில் நான்கு சில்லுகளையும் இயக்கும் ஔடி குவாட்ரோ வந்தபின் பந்தயத்தின் போக்கே மாறியது.

இடக்காலின் திறமை

முன்சில்லு இழுவைக்கும் குறை உண்டு. சில்லொன்றின் பிடிமானம் ஒரு குடும்பத்தின் மாதச் சம்பளம் போன்றது. இழுப்பதற்கு, திரும்புவதற்கு, நிற்பதற்கு என மூன்று செலவுகளையும் அதற்குள்ளேயே செய்துகொள்ள வேண்டும். முன்சில்லு இழுக்கும் காரிலே இழுப்பதும் திரும்புவதும் அவ்விரு சில்லுகளின் பொறுப்பே. வளைவில் வேகமிதியை அளவுக்கு மீறி அழுத்தினால் சம்பளம் முழுவதும் இழுவைக்கே செலவாகிவிடும். திரும்புவதற்கு மிச்சம் இராது. சுக்கானை எவ்வளவு திருப்பினும் கார் நேரே ஓடி வெளிவிளிம்பை நாடும். காரின் இயந்திரம் ஆற்றல் மிக்கதாயின் இவ்வாபத்தும் மிகுதியாகும்.

பின்லாந்து, சுவீடன் நாட்டு வீரர்கள் இதற்கொரு மாற்று வழி கண்டனர். வலக்காலை வேகமிதியில் வைத்தவாறே இடக்காலால் பிறேக்கை அழுத்துவர். இயந்திரம் இழுத்துக்கொண்டிருப்பதால் முன்சில்லுகள் தொடர்ந்து உருளும். பின்சில்லுகளோ வேகம் தணிந்து வழுக்கும். காரின் பின்பகுதி வெளியே சுழல, முகம் வளைவின் உட்புறம் நோக்கும். கணப்பொழுதில் நிகழும் இவ்வித்தை பல ஆண்டுப் பயிற்சியின் பயன். பொதுத் தெருவிலே இதனைப் பரீட்சித்துப் பார்ப்பது தனக்கும் பிறர்க்கும் கேடு.

புறப்படுவது வேறு, நிற்பது வேறு

பொதுத் தெருவில் ஓட்டுபவர் அறியவேண்டியது பிறிதொன்று. இன்றைய சிறிய கார்களுட் பெரும்பாலானவை முன்சில்லு இழுவை உடையவை. அவை பனியிலே எளிதாகப் புறப்படும். எளிதாகப் புறப்பட்டமையால், எளிதாக நிற்கும் எனவும் ஓட்டுபவர் எண்ணிவிடுகிறார். ஆபத்து அந்த எண்ணத்திலேயே இருக்கிறது. நிற்கும்போது முன்சில்லு இழுவையால் யாதொரு சலுகையும் இல்லை.

மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் கார், உராய்வுக் குணகம் 0.8 ஆகவுள்ள உலர்ந்த தெருவில், பிறேக் பிடித்தபின் ஏறத்தாழ 12 மீற்றர் ஓடி நிற்கும். இறுகிய பனியில் அக்குணகம் 0.2 எனக் கொண்டால் தூரம் ஏறத்தாழ 50 மீற்றராகும். பனிக்கட்டியில் 0.1 எனின் நூறு மீற்றர்! அவ்விடைவெளிக்குள் ஒரு குழந்தை தெருவைக் கடக்குமாயின் எந்தத் தொழில்நுட்பமும் கைகொடாது. சில்லு இறுகாமல் காக்கும் பிறேக் ஏற்பாடு, சுக்கான் நம் வசம் இருக்கச் செய்யும். பனிக்கட்டியில் இல்லாத பிடிமானத்தை அதனால் உண்டாக்க இயலாது.

ஆகவேதான் பனிக்கால ரயர் இன்றியமையாததாகிறது. சாதாரண ரயரின் இறப்பர் கடுங்குளிரில் விறைத்துவிடும். பனிக்கால ரயரின் இறப்பர் மென்மை குன்றாது. அதன் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய வெட்டுகள் பனியைக் கவ்வும். சுவீடனிலும் பின்லாந்திலும் பனி படர்ந்த காலத்தில் இத்தகைய ரயர் சட்டப்படி கட்டாயம். இழுப்பவை முன்சில்லுகள்தாமே எனச் சிக்கனம் கருதி அவற்றுக்கு மட்டும் பனிக்கால ரயர் பூட்டுவோர் உளர். இது பெருந்தவறு. பற்றிக்கொண்ட முன்பகுதி திரும்ப, பற்றற்ற பின்பகுதி சுழன்று கார் எதிர்த்திசைக்கே திரும்பிவிடும். நான்கு சில்லுகளுக்கும் ஒரே வகை ரயர் வேண்டும்.

மற்றவை எளிய விதிகளே. மெல்லப் புறப்படுக. முன்செல்லும் வண்டிக்கும் தமக்கும் இடையே வழக்கத்தைவிடப் பல மடங்கு இடைவெளி விடுக. வளைவுக்கு முன்னரே வேகத்தைத் தணித்து, வளைவுக்குள் வேகமிதியைத் திடீரென விடுவதைத் தவிர்க்குக. முன்பகுதி வழுக்கினால் சுக்கானை மேலும் திருப்பாது, மிதியைத் தளர்த்தி, சில்லு மீண்டும் பற்றும்வரை பொறுக்குக. பாலங்களில் தெருவுக்கு முன்னரே பனிக்கட்டி படரும் என்பதை மறவாதிருக்குக.

ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் நம் பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய தெருக்களிலே வேலைக்குச் செல்கின்றனர். பலர் விடியுமுன்னரே புறப்படுகின்றனர். தொலைபேசியில், “சாப்பிட்டாயா? குளிருக்குச் சட்டை போட்டாயா?” என்று அன்போடு விசாரிக்கும் தாய்மார், கார்த்திகை பிறந்ததும் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளட்டும்: “தம்பி, நாலு சில்லுக்கும் ரயர் மாத்திட்டியா?”