வந்த பரிசு எங்கே போயிற்று?

கல்யாணப் பந்தி. இலை நிறையப் பரிமாறியாகிவிட்டது. அந்தச் சமயம் பார்த்து ஒரு மாமா அன்போடு இன்னொரு லட்டு கொண்டு வந்து வைக்கிறார். உடனே பரிசாரகர் ஓடி வந்து, தாம் முன்பு வைத்த லட்டை எடுத்துக் கொண்டு போய்விடுகிறார்! இப்படியும் உண்டா என்கிறீர்களா? அமெரிக்கக் கல்லூரிகளில் உண்டு.

அங்கே ஹார்வர்ட், பிரின்ஸ்டன் போன்ற சர்வகலாசாலைகள், வசதியில்லாத பிள்ளைகளின் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாவற்றுக்கும் தாங்களே மானியம் தருகின்றன. கடனுக்குப் பதில் மானியமே கொடுப்பது என்று 2001-ல் பிரின்ஸ்டன் முடிவு செய்தது.

ஒரு பெண்ணுக்கு ஆண்டுச் செலவு 80,000 டாலர் என்று வைத்துக் கொள்வோம். கல்லூரி 76,500 கொடுக்கிறது. மிச்சம் 3,500-ஐ அவள் நூல் நிலையத்திலோ, போஜன சாலையிலோ வேலை பார்த்துச் சம்பாதிக்க வேண்டும். இந்த நிலையில் ஊர்ச் சங்கம் ஒன்று அவளுக்கு 5,000 டாலர் உபகாரச் சம்பளம் அளிக்கிறது. வீட்டில் ஒரே குதூகலம்! ஆனால் நடப்பது என்ன? 3,500 அவளுடைய வேலைப் பங்குக்கு ஈடாகிறது. பாக்கி 1,500-ஐக் கல்லூரி தன் மானியத்தில் குறைத்துக் கொள்கிறது.

"கண் விழித்து உழைத்தவள் பெண், லாபம் கல்லூரிக்கா?" என்று கேட்கத் தோன்றும். மிஞ்சும் பணம் இன்னொரு ஏழை மாணவருக்கு உதவும் என்பது கல்லூரியின் கட்சி. 2017-ல் மேரிலாண்ட் மாநிலம் தன் அரசுக் கல்லூரிகள் இப்படிக் குறைப்பதற்குச் சட்டத்தால் தடை போட்டது. ஆனால் அதுவும் மாணவரின் தேவை நிரம்பும் வரைதான்!

அப்படியானால் பரிசு வீணா? இல்லவே இல்லை. மணிக்கு 15 டாலர் கூலி என்றால், 3,500 டாலர் என்பது சுமார் 233 மணி நேர உழைப்பு. அத்தனை நேரமும் இனிப் படிப்புக்கு, கொஞ்சம் தூக்கத்துக்கும்! கையில் காசாக வராவிட்டாலும் இது பெரிய லாபம்.

அந்த 1,500-ஐயும் காப்பாற்றலாம். பணத்தை ஆண்டுக்கு 2,500 வீதம் இரண்டு வருஷத்தில் தரும்படி சங்கத்தைக் கேட்டால், முழுவதும் வேலைப் பங்குக்குள் அடங்கிவிடும். கம்ப்யூட்டர், ஆரோக்கிய இன்ஷூரன்ஸ் ஆகியவற்றைச் செலவுக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று கல்லூரியையும் கேட்கலாம். சம்பளத்துக்கும் பாடப் புத்தகத்துக்கும் போகும் பணத்துக்கு அங்கே வருமான வரி இல்லை. சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் போனால் உண்டு. இதையும் கவனிக்க வேண்டும்.

பரிசை மறைத்துவிடலாமே என்ற யோசனை மட்டும் வேண்டாம். தெரிவிப்பது மாணவரின் கடமை. பல சமயம் செக்கே நேராகக் கல்லூரிக்குத்தான் போகிறது.

உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படிக்கப் போனால், லட்டு வருமுன்பே கல்லூரிக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்கச் சொல்லுங்கள்: "இலையிலிருந்து எதை எடுக்கப் போகிறீர்கள்?"