தாம்பரத்துக் கடைமடையில் ரேம் விலை

மேற்குத் தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கி முடிச்சூர் சாலைப் பக்கம் நடந்தால், ஒருவர் உட்காரவும் இருவர் நிற்கவும் மட்டுமே இடமுள்ள கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடைகளைக் காணலாம். அவற்றுள் ஒன்றில், பேத்தியின் லேப்டாப்புக்காக எட்டு ஜி.பி. ரேம் ஒன்றுக்கு விலை கேட்டேன். கடைக்காரத் தம்பி உடனே பதில் சொல்லவில்லை, சென்னை ரிச்சி தெரு வியாபாரிகளுக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டு, "இது சாயந்திரம் வரைக்கும்தான் சார், நாளைக்கு என்ன ரேட்டுன்னு அவங்களாலயே சொல்ல முடியாது" என்றார். தங்கத்துக்கும் மல்லிகைக்கும் கேட்டுப் பழகிய பேச்சை, விரல் நீளமுள்ள ஒரு பச்சைப் பலகைக்குக் கேட்க நேர்ந்தது எனக்கு விசித்திரமாகவே பட்டது.

அப்பலகையின்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் கறுப்புச் சிப்புகளுக்குள் இருப்பது, ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு என்பவர் 1968இல் காப்புரிமை பெற்ற எளியதோர் யுக்தி: ஒரு டிரான்சிஸ்டர், அதனோடு மின்னூட்டத்தைத் தாங்கும் ஒரு நுண்ணிய மின்தேக்கி. மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லையேல் சுழி. ஓட்டைக் குடத்து நீர்போல் அது ஓயாமல் கசிவதால், ஒவ்வொரு குடத்தையும் விநாடிக்குப் பதினைந்து முறைக்குமேல் திரும்பத் திரும்ப நிரப்பவேண்டும்; எட்டு ஜி.பி.யில் அத்தகைய குடங்கள் ஏறத்தாழ 6,900 கோடி.

இவ்வளவு நுட்பமான பொருளாயினும், சந்தையில் அதன் அந்தஸ்து சர்க்கரை மூட்டையினுடையதே. எல்லா ஆலைகளின் ரேமும் ஒரே சர்வதேச அளவுத்திட்டத்துக்கு உட்பட்டதாகையால், சர்க்கரை எந்த ஆலையில் காய்ச்சியது என்று விசாரியாமல் வாங்குவதுபோல, வாங்குவோர் விலை ஒன்றையே பார்க்கின்றனர். ஆலையோ பல்லாயிரம் கோடி ரூபாய் முதலை விழுங்கி நிற்பது; அதன் செலவில் பெரும்பங்கு, நூறு சிப் செய்தாலும் நூறு கோடி சிப் செய்தாலும் மாறாதது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடிவரும் மின்சார ரயில், நண்பகலில் பெட்டிக்கு நாலு பேர் இருந்தாலும் ஓடித்தானே ஆகவேண்டும்? அங்ஙனமே, யந்திரத்தை நிறுத்தினாலும் வட்டி நிற்பதில்லையாதலால், வந்த விலைக்கு விற்பதே மேலென்று ஒவ்வோர் ஆலையும் கருத, எல்லா ஆலைகளும் அவ்வாறு கருதுவதாலேயே விலை மேலும் சரிகிறது.

ஏற்றத்துக்குக் காரணம் காலதாமதம். புதிய ஆலை எழும்பிச் சரக்கு வெளிவர இரண்டு மூன்று ஆண்டுகள் செல்லும்; ஓடிக்கொண்டிருக்கும் ஆலையிலும் சிலிக்கன் வட்டு உள்ளே புகுந்து சிப்பாக வெளிவர ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில் ஃபிளாட்டுக்குக் கிராக்கி என்று கேள்விப்பட்ட பில்டர்கள் பத்துப்பேர் ஒரே பருவத்தில் அஸ்திவாரம் தோண்டினால், மூன்றாம் ஆண்டில் அத்தனை வீடுகளும் ஒருசேர ஆள் தேடி நிற்கும் அல்லவா? அந்த நஷ்டத்தில் சூடுபட்டவர்கள் அடுத்த சில ஆண்டுகளுக்கு மண்வெட்டியைத் தொடமாட்டார்கள். அதற்குள் குடியேற ஆட்கள் பெருகிவிடுவர். ரேமின் சரித்திரமும் இதுதான்.

இச்சுழலில் மடிந்தோர் அநேகர். 1970இல் 1103 என்னும் சிப்பைக் கொணர்ந்து இத்தொழிலை நிலைநாட்டிய இன்டெல்லே, ஜப்பானியரின் மலிவு விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் 1985இல் இதைக் கைவிட்டது. ஜெர்மனியின் கிமோண்டா 2009இலும், ஜப்பானின் எல்பிடா 2012இலும் திவாலாயின. எஞ்சிய சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்றின் கையில்தான் உலக உற்பத்தியில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது பங்கு இருக்கிறது. விற்போர் சிலராயிருப்பது வாங்குவோருக்கு க்ஷேமமன்று. போட்டியாளருடன் கூடிப்பேசி ரேம் விலையை நிர்ணயித்ததை ஒப்புக்கொண்டு 30 கோடி டாலர் அபராதம் கட்ட 2005இல் சாம்சங் அமெரிக்காவில் இசைந்ததும் உண்டு.

சில வேளைகளில், பஞ்சத்தைவிடப் பஞ்சம் வருமென்ற பீதியே விலையை ஏற்றிவிடும். சிலிக்கன் துண்டைக் கம்பிகளால் இணைத்து, கறுப்புப் பிசினால் சட்டை அணிவித்துச் சோதிப்பது சிப் தொழிலின் கடைசிப் படி. நம் மறைமலை நகரில் ஸ்பெல் செமிகண்டக்டர் நிறுவனம் எடுத்துக்கொண்ட வேலை இதுவே. அந்தப் பிசினில் உலகத் தேவையின் பாதிக்குமேல் வழங்கிவந்த, ஜப்பானின் நீஹாமாவிலிருந்த சுமிட்டோமோ ஆலை, 1993 ஜூலையில் வெடித்தது. எரிந்தது சிப்பன்று, அதன் சட்டைத்துணி மட்டுமே, கையிருப்பும் இருந்தது, எனினும் சில வாரங்களில் ரேம் விலை ஏறத்தாழ இரட்டிப்பாயிற்று.

இப்போதைய ஏற்றம் 2025இன் பிற்பகுதியில் மூண்டது. 2023இன் சரிவில் பெருநஷ்டம் அடைந்து உற்பத்தியைக் குறைத்திருந்த ஆலைகள், விஸ்தரிக்கத் தயங்கிய வேளையில், செயற்கை நுண்ணறிவு யந்திரங்களுக்காகச் சிப்புகளை மாடிமேல் மாடியாக அடுக்கிச் செய்யும் எச்.பி.எம். என்ற நினைவகத்துக்கு அளவிறந்த தேவை எழுந்தது. அதே கொள்ளளவுக்கு அது சாதாரண ரேமைப்போல் ஏறத்தாழ மும்மடங்கு சிலிக்கனை விழுங்குவது; லாபமும் அதிலேதான் மிகுதி. மைக்ரான், சில்லறைக் கடைகளில் விற்றுவந்த தன் குரூஷியல் ரேமை நிறுத்தப்போவதாக 2025 டிசம்பரில் அறிவித்தே விட்டது. குஜராத்தின் சாணந்தில் அந்நிறுவனம் ஆலை அமைத்திருக்கிறதே, விலை இறங்காதா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே நடப்பது சட்டை போடும் வேலையும் சோதனையும்தான். சிலிக்கன் வட்டு அயல்நாட்டிலிருந்தே வரவேண்டும்.

ஆகவே நம் தாம்பரத்துத் தம்பி கடைமடை விவசாயியைப் போன்றவர். மதகைத் திறப்பதும் மூடுவதும் எங்கோ நடக்கிறது. ஆயினும் ஒரு வேற்றுமை: ஏற்றம் அவரிடம் அன்றைக்கே வந்துவிடும், இறக்கம்தான் மெதுவாக வரும். "ஏறும்போது கஸ்டமர் திட்டுவாங்க சார். இறங்கும்போது நான் வாங்கி வெச்சது தூங்கும்" என்றார். அதனால் அவர் இப்போது புதுச் சரக்கை அடுக்கி வைப்பதில்லை. மேசையடியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து, உயிர்போன லேப்டாப் ஒன்றிலிருந்து கழற்றிய பழைய ரேமைப் பொறுக்கி, அதன் பொன்னிற விளிம்பைப் பள்ளிப்பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் தேய்க்கத் தொடங்கினார். "செகண்ட்ஸும் ஏறிடுச்சு சார்" என்று தேய்த்தபடியே சொன்னார்.