கொண்டை சிறுத்த சேவல்: ஒரு குளிர்நாட்டுக் கோழியும் நம் கம்பத்துக் கோழியும்



விளக்கக் கட்டுரை எழுதும்போது நம் மாணவர்கள் பலர் ‘என்ன’ என்பதை எழுதிவிட்டு, ‘ஏன்’ என்பதை விட்டுவிடுகிறார்கள். இதைச் சரிசெய்ய, லூமுட்டில் என் படிவம் ஐந்து வகுப்பில் ஒரு வெள்ளைச் சேவலின் படத்தைக் காட்டினேன். அதன் தலையில் கொண்டையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். “கொண்டை இல்லாததெல்லாம் ஒரு சேவலா, டீச்சர்?” என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். வகுப்பே சிரித்தது. ஆனால், கேள்வி நல்ல கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

எங்கே பிறந்தது?

அந்தக் கோழியின் பெயர் சாந்தெக்ளேர். கனடாவின் கியூபெக் மாநிலத்தில், மொன்ட்ரியலுக்கு அருகே ஓக்கா என்ற ஊரில் ஒரு கிறிஸ்துவத் துறவியர் மடம் இருந்தது. அங்கே கோழிகளைக் கவனித்து வந்தவர் சகோதரர் வில்ஃப்ரிட் ஷாத்தலேன். அன்று அங்கு வளர்ந்தவை எல்லாம் வெளியிலிருந்து வந்த இனங்கள். குளிர்காலத்தில் அங்கே வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 20 பாகைக்கும் இறங்கும். அந்தக் குளிரைத் தாங்கி, இறைச்சிக்கும் முட்டைக்கும் பயன்படும் சொந்த இனம் ஒன்று வேண்டும் என்று அவர் நினைத்தார். 1908-இல் கலப்பு முயற்சியைத் தொடங்கினார். 1918-இல் கோழி வெளியுலகுக்கு அறிமுகமானது. 1921-இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கம் அதைத் தனி இனமாக ஏற்றுக்கொண்டது. பதின்மூன்று ஆண்டுப் பொறுமை!

கொண்டை ஏன் சிறுத்தது?

கோழிக்கு வியர்க்காது. கொண்டையிலும், அலகுக்குக் கீழே தொங்கும் தாடியிலும் இறகு கிடையாது. இரத்த ஓட்டமோ அதிகம். உடல் சூடு அந்த வழியாக வெளியேறும். நம்ம ஊர் வெயிலுக்குப் பெரிய கொண்டை வசதிதான். ஆனால், ஓக்காவின் குளிரில் அதே கொண்டை உறைந்து, கறுத்துப்போகும். கோழி வலியில் சரியாகத் தீனி எடுக்காது. சேவலின் இனவிருத்தித் திறனும் குறையும்.

அதனால்தான் சாந்தெக்ளேருக்குச் சின்ன மெத்தைபோல் தலையோடு ஒட்டிய கொண்டையும், மிகச் சிறிய தாடியும். தாழ்ந்த கொண்டையுள்ள கார்னிஷ், வயன்டாட் இனங்களோடு லெகார்ன், ரோட் ஐலண்ட் ரெட், பிளிமத் ராக் ஆகியவற்றையும் சேர்த்து, தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியது இது. சேவல் ஏறக்குறைய 3.9 கிலோ, பெட்டை 2.9 கிலோ எடை வரும். இறகு நெருக்கமானது. குளிர்காலத்திலும் முட்டையிடும்.

இதில் நமக்கும் ஒரு சொந்தம் உண்டு. கார்னிஷ் இனம் இந்தியாவின் அசீல் கோழியோடு மலாய்க் கோழியும் கலந்து உருவானது. ரோட் ஐலண்ட் ரெட் இனத்திலும் மலாய்ச் சேவலின் பங்கு இருக்கிறது. ஆக, கனடாவின் பனியில் நிற்கும் அந்தச் சேவல் நமக்குத் தூரத்து உறவுதான்.

காணாமல் போனது எப்படி?

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், சில வாரங்களிலேயே எடை போடும் கலப்பினக் கோழிகள் பண்ணைகளை நிறைத்தன. மெதுவாக வளரும் சாந்தெக்ளேரை வளர்க்க ஆளில்லை. 1979-இல் சஸ்காட்சவான் பல்கலைக்கழகத்தில் இருந்த கூட்டமும் போனபோது, இனமே அழிந்துவிட்டது என்று கருதினார்கள். பிறகுதான் தெரிந்தது, சில சிறு விவசாயிகள் சத்தமில்லாமல் அதை வளர்த்து வந்தார்கள் என்று. 1999-இல் கியூபெக் அரசு அதைத் தன் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சட்டத்திலேயே சேர்த்தது.

இதைப் படிக்கும்போது எனக்குத் தோட்டத்து ஞாபகம் வந்தது. சித்தியவான் பக்கம், லயத்தின் பின்புறத்தில் என் பாட்டி கம்பத்துக் கோழி வளர்த்தார். தீனி பெரிதாக வாங்க மாட்டார். மீந்த சோறு, கறையான், புழு பூச்சி, அவ்வளவுதான். பெட்டை தானே அடைகாக்கும்; பருந்து வந்தால் குஞ்சுகளை இறக்கைக்குள் இழுத்துக்கொள்ளும். பிறகு தோட்டத்தை விட்டு அடுக்குமாடி வீட்டுக்குப் போனோம். கடைசிச் சேவலை அந்தத் தீபாவளிக்கு அறுத்தோம். நோய் வந்து அந்தக் கோழிகள் போகவில்லை. வைத்துக்கொள்ள இடம் இல்லை, அவ்வளவுதான்.

நாட்டுக்கே சோறு போடக் கம்பத்துக் கோழியால் முடியாது, அது உண்மை. ஆனால், பண்ணைக் கோழியின் தீனிக்கான சோளமும் சோயாவும் பெரும்பாலும் இறக்குமதி. 2022-இல் தீனி விலை ஏறி, கோழி பற்றாக்குறையாகி, ஜூன் 1 முதல் நம் அரசாங்கம் ஏற்றுமதியையே நிறுத்தியது நினைவிருக்கலாம். வெயிலைத் தாங்கி, தானே இரை தேடும் ஒரு கோழியின் அருமை அப்போதுதான் புரிகிறது. ஒரு முறை விட்டுவிட்டால், திரும்ப உருவாக்க ஒரு வில்ஃப்ரிட்டும் பதின்மூன்று ஆண்டுகளும் வேண்டும்.

மாணவர்களுக்கு

கட்டுரையில் ஒவ்வொரு கருத்தையும் பண்பு, காரணம், விளைவு என மூன்று படியில் எழுதிப் பழகுங்கள். ‘கொண்டை சிறியது’ என்பது பண்பு. ‘குளிரில் உறையாமல் இருக்க’ என்பது காரணம். ‘குளிர்காலத்திலும் கோழி நலமாக இருக்கும்’ என்பது விளைவு.

சொல்வளத்துக்கு இரண்டு சொற்கள்: சேவலின் கொண்டைக்குப் பழந்தமிழில் ‘சூட்டு’ என்று பெயர், பெட்டைக்குப் ‘பேடை’.

பயிற்சி: உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரிடம், அவர் வளர்த்த கோழியைப் பற்றிக் கேளுங்கள். அதன் பண்புகள் மூன்றை இதே முறையில் 150 சொற்களில் விளக்குங்கள். கேட்டதை எழுதி வைப்பதும் ஒரு பாதுகாப்புத்தான்.